மொழிப் பிரச்சினையா, கற்றல் குறைபாடா? ஸ்காபரோவில் ஒரு மாணவனுக்கு ஐ.பி.ஆர்.சி. குழுக் கூட்டம் நடத்திய அனுபவம்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலுள்ள பொது உயர்நிலைப் பாடசாலை ஒன்றில் விசேட கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். தமிழ், தகலொக், மண்டரின், தாரி, உருது என வீட்டு மொழிகள் பலவாக உள்ள வகுப்பில், வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு ஆங்கிலம் இன்னும் வசப்படவில்லையா, அல்லது எந்த மொழியிலுமே எழுத்தை ஒலியாக்குவதில் சிக்கலா என்று பிரித்தறிவதே இவ்வேலையின் மிகக் கடினமான பகுதி. மொழித் தேர்ச்சியின்மையோ பண்பாட்டு வேறுபாடோ முதன்மைக் காரணமாக இருக்கும் பின்னடைவைக் கற்றல் குறைபாடாகக் கொள்ளக்கூடாது என்று ஒன்ராறியோ கல்வி அமைச்சு வகுத்திருக்கிறது. விதி நியாயமானதுதான், ஆனால் "இன்னும் கொஞ்சக் காலம் ஆங்கிலம் படிக்கட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடவும் அதுவே சாட்டாகிவிடுகிறது.

வவுனியாவிலிருந்து வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவன் ஒருவனின் விடயத்திலும் அப்படித்தான் நடந்தது. பேச்சு ஆங்கிலம் அவனுக்கு விரைவில் பிடிபட்டது. கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவான். அதே கணக்கு வசனமாக வந்தால் திகைத்து நின்றுவிடுவான். பொறுத்திருக்கலாம் என்றார் ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) ஆசிரியர். நான் எளிய தமிழ்ப் பந்தி ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பதால், ஆண்டுக்கணக்கில் தமிழில் படித்த பிள்ளைக்கு அது சிரமமாக இருக்கக்கூடாது. அவனோ விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான். "கெ"யையும் "கொ"வையும் மாற்றினான். "விளக்கு" என்பதை ஊகித்து "விளையாட்டு" என்றான். அதே பந்தியை நான் வாசித்துக் காட்டியபோது கேள்விகள் அனைத்துக்கும் சரியாகப் பதில் சொன்னான். ஊர்ப் பாடசாலையிலும் இதே முறைப்பாடு இருந்ததாகத் தாயார் கூறினார். இக்குறிப்புகளை முன்வைத்த பின்னரே உளவியலாளரின் மதிப்பீட்டுக்கான வரிசையில் அவன் பெயர் ஏறியது. அந்த வரிசையின் நீளத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது.

மதிப்பீட்டில் கற்றல் குறைபாடு உறுதியானதும், ஐ.பி.ஆர்.சி. எனப்படும் குழுவிடம் போகவேண்டும்; விசேட கல்வி தேவைப்படும் மாணவரை இனங்கண்டு, எந்த வகுப்பில் இடமளிப்பதென்று முடிவுசெய்து, அதை மீளாய்வு செய்வது அக்குழுவே. ஒன்ராறியோவின் 181/98 ஒழுங்குவிதியின்படி, பிள்ளையை அக்குழுவிடம் அனுப்புமாறு பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் மறுக்க இயலாது. இதைப் பல பெற்றோர் அறிந்திருப்பதில்லை. இந்தத் தாயாருக்கோ கேட்பதற்கே பயம்.

"என்ர பிள்ளைக்கு மூளை சரியில்லையெண்டு எழுதப் போறியளோ, ரீச்சர்?"

உயர்நிலைப் பாடசாலைப் பட்டயத்தில் இது பற்றி ஒரு வரியும் இராது என்பதையும், மேலதிக நேரம் தருவது பாடத்தின் எதிர்பார்ப்புகளைக் குறைப்பதாகாது என்பதையும், முடிவில் உடன்பாடில்லையென்றால் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். அவரைக் கரைத்தது இரண்டாவது விளக்கமே. குழுவின் முன் அறிக்கை வைப்பவளே மொழிபெயர்க்கவும் கூடாது என்பதால், தமிழ் தெரிந்திருந்தும் கல்விச் சபையிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற்றேன். மூத்த மகளை அந்த இடத்தில் இருத்துவது எல்லாருக்கும் வசதிதான், ஆனால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

கூட்டம் சுருக்கமாகவே முடிந்தது. வழமையான வகுப்பிலேயே வைத்து உதவி வழங்குவதென்று முடிவாயிற்று. அப்படி வகுப்பில் இடமளித்ததிலிருந்து 30 பாடசாலை நாட்களுக்குள் தனிநபர் கல்வித் திட்டம் தயாராக வேண்டும். 14 வயதைத் தாண்டியவன் ஆதலால் பாடசாலைக்குப் பின்னான காலத்துக்கான திட்டமும் அதில் இடம்பெற்றது. எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருள், மேலதிக நேரம், தனி அறை ஆகியவை எழுதப்பட்டன. எழுதியதை நடத்துவிப்பதுதான் பெரும்பாடு. மற்றப் பிள்ளைகளுக்கு இது அநீதியாகாதா என்று கேட்ட வரலாற்று ஆசிரியரிடம், அவனது வாய்மொழி விடையையும் எழுத்து விடையையும் அருகருகே வைத்துக் காட்டவேண்டியிருந்தது.

16 வயதானபின் வந்த ஆண்டு மீளாய்வுக்கு, விதிப்படி அவனுக்கும் அழைப்பு இருந்தது. கணிதத்துக்குத் தனி அறை வேண்டாம், அறிவியலுக்கு மேலதிக நேரம் கட்டாயம் வேண்டும் என்றான். திட்டத்தை அதன்படி திருத்தினோம்.