கடூர் சாகிப், பஞ்சாப்; கோதுமை அறுப்புக்கு முன்

மார்ச் 16
தார்ஜியை, என் மாமனாரை, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மூக்கில் குழாய். வாய் வழியாகச் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கட்டிலை முற்றத்து ஓரம் போட்டோம். குருத்துவாரா ஒலிபெருக்கி காதில் விழுந்தால் அவருக்கு நல்லது என்கிறார் மாமியார் பீஜி. விழுகிறது, விடியாத நேரத்திலேயே விழுகிறது.

மார்ச் 17
தூக்கம் இல்லை.

மார்ச் 19
பீஜி எனக்குக் குர்முகி சொல்லித் தருகிறார், பஞ்சாபி எழுத்து. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் வாய்ப்பேச்சிலேயே ஓட்டிவிட்டேன். ஊடா, ஐடா, ஈடி, சஸ்ஸா, ஹாஹா. மொத்தம் 35, அதனால் அரிச்சுவடிக்கே பைந்தி என்று பெயர். "குரு அங்கத் இந்த ஊரில்தான் பிள்ளைகளை உட்கார வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தார் மகளே, நீ தில்லியில் கற்றிருந்தால் தப்பாகத்தான் வந்திருக்கும்" என்கிறார். சீக்கியரின் இரண்டாம் குரு, 1539இல் குருவானதிலிருந்து 1552இல் மறையும்வரை அவர் இருந்தது இங்கேதான். எழுத்தைப் புதிதாக உண்டாக்கினார் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் புரிந்தது வேறு. வணிகர்கள் கணக்கெழுதிய லண்டா எழுத்தில் உயிர்க்குறியே கிடையாது, ஊகித்துத்தான் படிக்க வேண்டும். வரவு செலவுக்கு அது போதும். குரு நானக்கின் பாட்டை அப்படி எழுதினால் ஆளுக்கொரு பாட்டாகிவிடும். அதனால்தான் இருந்த எழுத்தை ஒழுங்கு பண்ணியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது ணாணா. இவர்கள் தண்ணீர் பாணிதான், இந்திக்காரர்களின் பானி இல்லை. ளகூட உண்டு, லல்லாவின் காலடியில் ஒரு புள்ளி வைத்தால் ள.

மார்ச் 22
தார்ஜி இடது கையை ஆட்டி ஆட்டிப் பேனா கேட்டார். மண்டியில் நெல் போட்ட சீட்டின் பின்பக்கம் என்னவோ கிறுக்கினார். கை ஓடுகிறதே, அதுவே போதும் என்றார் பீஜி.

மார்ச் 23
அதே கிறுக்கல்.

மார்ச் 25
பார்க்க வருகிறவர்களெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்து அமர்தாஸ் கதையைத்தான் எடுக்கிறார்கள். நோயாளி வீட்டில் அதுதான் பேச வேண்டும்போல. அமர்தாஸ் இந்த ஊருக்குச் சம்பந்தி முறை. குரு அங்கதின் மகள் பீபி அம்ரோவை அவர் தம்பி வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த மருமகள் பாடிய பாட்டைக் கேட்டுத்தான் இங்கே வந்தார். அறுபதைத் தாண்டிய வயது, குரு அவரைவிட 25 வயது இளையவர். பன்னிரண்டு வருஷம் பொழுது விடியுமுன் பியாஸ் ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து குருவைக் குளிக்க வைத்தாராம். கோயிந்த்வால் கரை இங்கிருந்து எட்டு, ஒன்பது கிலோமீட்டர். ஒரு மழை ராத்திரியில் நெசவாளி வீட்டுத் தறிக்குழியோரம் அடித்திருந்த கரீர் முளையில் கால் தடுக்கி விழுந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்: வேறு யார், போக்கிடமில்லாத அம்ருவாகத்தான் இருக்கும். போக்கிடமில்லாதவர்களுக்கு அவர்தான் போக்கிடம் என்று குரு சொல்லி, 73 வயதில் அவரை மூன்றாம் குருவாக்கினார்.

சாயங்காலம் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவந்தேன். அன்று குடத்துத் தண்ணீர் சிந்தவில்லை என்பதைத்தான் எல்லாரும் அழுத்திச் சொல்கிறார்கள். முழங்கால் என்னவாயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. அறுபது வயதுக்காரரைப் பன்னிரண்டு வருஷம் சுமக்கவிட்டது எனக்கு ஒப்பவில்லை. பீஜியிடம் கேட்டேவிட்டேன். "சேவா" என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 27
ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் கவுண்டரில் மூன்று மணி நேரம். ஹுமாயூனை நினைத்துக்கொண்டேன். 1540இல் கன்னோஜில் ஷேர் ஷாவிடம் தோற்று ஓடும் வழியில் ஆசி கேட்டு இந்த ஊருக்கு வந்தாராம். குரு நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபத்தில் ஹுமாயூனின் கை வாள்மேல் போயிற்று. ஷேர் ஷா முன்னால் இந்த வாள் எங்கே போயிருந்தது என்று குரு கேட்டதாகக் கதை. பாதுஷாவே காத்திருந்திருக்கிறார். ரிப்போர்ட் நாளைக்காம்.

மார்ச் 30
கிறுக்கல் இல்லை! பேனா வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகிறது. இத்தனை நாள் இதைக்கூடப் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தேன்?

மார்ச் 31
உருது. ரௌலாவுக்கு முன்னால் நாலாம் வகுப்புவரை படித்தது என்கிறார் பீஜி. 47 கலவரத்துக்கு இங்கே ரௌலா என்றுதான் பெயர். அப்போது பஞ்சாப் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் உருதுதானே. குர்முகி ஒழுங்கான ஊரில் பிள்ளைகள் அலிஃப், பே எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு தார்ஜி குர்முகியில் கையெழுத்துப் போட்டார், பேப்பர் படித்தார். இப்போது கைக்கு ஞாபகம் இருப்பது முதலில் பழகியதுதான்போல. வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. படம் எடுத்துத் தில்லியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 3
பீஜியுடன் சண்டை. ஒரு கரண்டி கீர், பால் பாயசம், கொடுத்தால் என்ன என்கிறார். குரு அங்கதின் மனைவி மாதா கீவி இந்த ஊரில்தான் லங்கர் என்ற பொதுச் சாப்பாடு நடத்தினார், அவர் நெய் விட்டுப் போட்ட கீர் சீக்கிய வேதமான கிரந்த சாகிபிலேயே இருக்கிறது. அந்த ஊரில் ஒரு மனிதருக்கு வாய்வழிச் சோறு இல்லை. எனக்கு மட்டும் ஆசையா? பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். தார்ஜி அதை உறிஞ்சப் பார்த்தார். எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5
தில்லியிலிருந்து பதில். இவர் நண்பருடைய அப்பா படித்தாராம், கை நடுங்கினாலும் பழகிய எழுத்து என்றாராம். எல்லாச் சீட்டிலும் ஒரே மூன்று சொல். முதலாவது பானி. இரண்டாவது தீ, நம் 'உடைய' மாதிரி. மூன்றாவது வாரி, அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியவில்லை. பானியா பாணியா என்று அந்த எழுத்து காட்டிக்கொடுக்காது.

பாணி தீ வாரி. பீஜியிடம் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. வாரி என்றால் முறை. கால்வாய்த் தண்ணீர் வாரம் ஒருதரம், ஏக்கருக்கு இத்தனை நிமிஷம். நடுராத்திரியில் முறை வந்தாலும் மண்வெட்டியோடு போய் மடையைத் திறந்தாக வேண்டும், தூங்கிவிட்டால் அடுத்த வாரம்தான். மோட்டார் போட்டே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தாகமா, முறையா?

ஏப்ரல் 6
ராத்திரி ஒன்றரைக்குப் பேச்சுச் சத்தம். பீஜி அவர் காதருகே குனிந்து, நம் வாரி முடிந்தது ஜி, கோதுமை நனைந்துவிட்டது, மடையை அடைத்தாயிற்று, அடுத்த வயல்காரர் திறந்துகொண்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தார்ஜி இடது கையை நீட்டினார். பேனாவுக்கு.