போனை வைக்கவே விடமாட்டான்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் ஓர் ஆன்டி, காதில் போனோடு, கூகுள் பிளே கார்டுகளை (ஆப், கேம் வாங்க உதவும் பரிசு அட்டைகள்) ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். "பேரனுக்கா ஆன்டி?" என்று கேட்டால், வருமான வரி பாக்கியாம், இன்றைக்கே கட்டாவிட்டால் கைதாம்! எந்த ஊரில் ஐயா வரியை கார்டில் வாங்குகிறார்கள்?

போனில் பேசும் மோசடிக்காரன் கார்டின் பின்பக்கத்தைச் சுரண்டி எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வான், அனுப்பிய சில நிமிடத்தில் காசு போயிருக்கும், அப்புறம் அதைத் திரும்பப் பிடிப்பது குதிரைக் கொம்பு, அதனால்தான் அவனுக்கு கார்டு வேண்டியிருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்றாலே ஏமாற்று வேலைதான். கார்டு வாங்கச் சொல்லி முதலாளி பெயரில் வாட்ஸ்அப் வந்தாலும் அவருக்கே கூப்பிட்டுக் கேளுங்கள்.

அனுப்பித் தொலைத்துவிட்டீர்களா? சரி, கார்டையும் ரசீதையும் வைத்துக்கொண்டு உடனே கார்டு நிறுவனத்திடம் சொல்லுங்கள். பேங்க், இ-வாலட் பணமும் போயிருந்தால், மலேசியாவின் மோசடிப் புகார் எண் 997-ஐக் கூப்பிடுங்கள்.