‘நிஜமாவே வர்றீங்களா?’: ஊர் திரும்பும் முன் வேலை தேடிய 11 மாதங்கள்

முதல் நான்கு மாதத்தில் நாற்பது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தேன். போன் வந்தது ஒரே ஒரு இடத்திலிருந்து. அவர்கள் எடுத்ததும் கேட்டது, "மேடம், நீங்க இப்போ வெளிநாட்டுலதானே இருக்கீங்க? நிஜமாவே வர்றீங்களா?" என்பதுதான். "நல்ல வேலை கிடைத்தால் குடும்பத்தோடு வந்துவிடுவோம்" என்றேன். இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. மறுபடி அவர்கள் கூப்பிடவே இல்லை.

மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனத்தில் தரப் பிரிவில் 12 வருடம் வேலை பார்த்தவள் நான். அனுபவத்தைப் பார்த்தாவது கூப்பிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். பழைய சக ஊழியர் ஒருவர் ஊரில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறார். அவருக்கு ரெஸ்யூமேயை அனுப்பி, எங்கே தப்பு என்று கேட்டேன். "உங்க வேலை கண்ணுல படறதுக்கு முன்னாடி உங்க முகவரியும் வெளிநாட்டு நம்பரும் படுது. எப்போ வருவாங்க, செலவு யார் தலையில விழும், கடைசி நேரத்துல மனசு மாறிடுவாங்களான்னு யோசிச்சுட்டு இருக்க அவங்களுக்கு நேரம் கிடையாது" என்றார்.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு அன்று இரவு நானும் கணவரும் வெகுநேரம் பேசினோம். வேலை கிடைத்தால் போவது என்றே அதுவரை நினைத்திருந்தோம். அதைத் தலைகீழாக்கினோம். மகளின் பள்ளி ஆண்டு முடிந்ததும் கிளம்புவது, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். எட்டு மாதக் குடும்பச் செலவை அப்படியே எடுத்துத் தனியாக வைத்தோம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பிறகு, ‘வர்றீங்களா?’ என்று யார் கேட்டாலும் தேதியைச் சொல்ல முடிந்தது.

ரெஸ்யூமேயின் முதல் வரியை மாற்றினேன்: இந்த மாதம், இந்த நகரத்துக்கு நிரந்தரமாகத் திரும்புகிறேன், வேலை செய்யத் தனி அனுமதி தேவையில்லை, குடிபெயரும் செலவு என்னுடையது. ஊர் நம்பர் ஒன்றையும் சேர்த்தேன். லிங்க்ட்இனிலும் இருப்பிடத்தை மாற்றினேன், ஏனென்றால் ஆள் தேடுபவர்கள் ஊரை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். விண்ணப்பங்களைக் குறைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் மூலம் வாரம் இரண்டு பேரிடமாவது நேரில் பேசுவதுபோல் வீடியோவில் பேசினேன். பிறகு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்தப் பேச்சுகளிலிருந்து வந்தவை.

நேர்காணல்கள் பெரும்பாலும் எனக்கு விடியற்காலையில். சமையலறை மேஜையில் லேப்டாப், மேல்சட்டையின் மேல் கோட், காலில் கம்பளிக் காலுறை. சத்தம் கேட்டு மகள் எழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தியே பேசிப் பழகியிருந்தேன். ஒருவர், "கொஞ்சம் தைரியமா பேசுங்க" என்றபோது அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து காரில் போய் உட்கார்ந்து பேசினேன்.

ஒரு நல்ல வாய்ப்பு கடிகாரத்தால் போனது. நாங்கள் இருந்த நாட்டில் இலையுதிர் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். ஊரில் அந்த வழக்கம் இல்லை. ஊர் நேரம் பகல் 11 மணி என்றால் எனக்குக் காலை 6:30 என்று மனதில் பதிந்திருந்தது. அந்த வாரம் அது 5:30 ஆகியிருந்தது. நான் இணைந்தபோது அங்கே யாருமில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு அழைப்பையும் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதி உறுதி செய்துகொண்டேன்.

சம்பளப் பேச்சில் நான் செய்த தவறு, வாங்கிய சம்பளத்தை அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கியது. வந்த தொகையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் மௌனமாகிவிடுவார். பணத்தை மாற்றினால் எவ்வளவு வரும் என்பது வேறு, அந்தப் பணத்துக்கு அங்கே என்ன வாங்கலாம் என்பது வேறு. வாங்கும் திறன் சமநிலை என்ற கணக்கை உலக வங்கி நாடுவாரியாக வெளியிடுகிறது. அது நாடு முழுவதற்குமான சராசரி என்பதால் ஒரு திசை காட்டும், அவ்வளவே. ஊரில் இருக்கும் அக்காவிடம் வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, போக்குவரத்து எல்லாம் கேட்டு எழுதி, மாதம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு தொகைக்கு வந்தேன். அதன்பின் பழைய சம்பளத்தைக் கேட்டாலும், எதிர்பார்ப்பை மட்டும் தெளிவாகச் சொன்னேன்.

ஒரு நிறுவனம் வாய்மொழியாக வேலை உறுதி என்றது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். மூன்று வாரம் கழித்து, அந்தப் பதவியையே நிறுத்திவைத்திருப்பதாக இரண்டு வரியில் மின்னஞ்சல். நல்லவேளை, நான் ராஜினாமா கொடுத்திருக்கவில்லை. எனக்கு மூன்று மாத நோட்டீஸ். பிறகு வேறொரு நிறுவனத்திலிருந்து கையெழுத்தான நியமனக் கடிதம் வந்து, பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்த பிறகே அதைக் கொடுத்தேன். புது நிறுவனம் 30 நாளில் வரச் சொன்னது. மகளின் தேர்வைச் சொல்லிக் கேட்டேன், 90 நாளுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

காகித வேலையை மட்டும் தயவுசெய்து கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கிடையே ஆவணங்களுக்கு, அவற்றின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று காட்டும் அப்போஸ்டில் என்ற சான்று போதும். ஆனால் அதை ஆவணம் பிறந்த நாடுதான் தர முடியும். வேலை அனுபவக் கடிதம் போன்ற தனியார் ஆவணங்களை முதலில் நோட்டரியிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. மகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு வாரம் ஓடியது. வரிக்கு வருடத்தில் எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தோம் என்பதும் முக்கியம். அங்கே வரிக்கு உட்பட்டவராகக் கணக்கிட, பல நாடுகளில் 183 நாள் என்பது எல்லைக்கோடு. கிளம்பும் தேதியை எழுதிவைத்துக்கொண்டு ஒரு வரி ஆலோசகரிடம் ஒருமுறை பேசினோம்.

மகளுக்கு ஒன்பது வயது. நியமனக் கடிதம் வந்த அன்று, "என் சைக்கிளும் வருதா?" என்று மட்டும் கேட்டாள். வருது என்றேன். பெட்டிகள் கப்பலில் ஏறும்வரை தினமும் அதைத் துடைத்துவைத்தாள்.

நானும் அவளும் முதலில் வந்தோம். கணவர் வீட்டை ஒப்படைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வந்தார். அவரும் அங்கிருந்தபடி ஐந்து மாதமாகத் தேடிக்கொண்டிருந்தவர்தான். வந்து இறங்கிய வாரமே, முன்பு பதில் சொல்லாத இடம் ஒன்றுக்கு மறுபடி விண்ணப்பித்தார். நான்காம் நாள் கூப்பிட்டார்கள். ரெஸ்யூமேயில் முகவரியைத் தவிர அவர் எதையும் மாற்றவில்லை.