சூடானதும் நின்றுபோகும் பழைய கார்: பழுது தேடியதும் பார்ட்ஸ் தேடியதும்

என் கார் முப்பது வருடத்துக்கும் மேல் பழையது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பகுதி), பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான கரண்ட்டைச் சேர்த்துத் துண்டிக்கும் சிறு தொடுமுனை) வைத்த இக்னிஷன், நான்கு சிலிண்டர். அந்த மாடலின் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடும், ஆனால் எஞ்சின் முழுதாகச் சூடான பிறகு எங்காவது நின்றால் ஐடிலிங் தடுமாறி ஆஃப் ஆகிவிடும், அப்புறம் கொஞ்ச நேரம் ஆறவிட்டால்தான் மறுபடி பிடிக்கும். இந்த ஒரு குறையைத் துரத்தியபோதுதான் மற்ற வேலைகளும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பார்த்ததையும் அளந்ததையும் அப்படியே எழுதுகிறேன். இதே தொல்லையோடு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

அறிகுறியைக் கேட்ட எல்லோரும் சொன்னது கார்புரேட்டர். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொண்டாலும் இதே மாதிரிதான் நிற்கும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிரைவர் சீட்டில் இருப்பவருக்குப் பெட்ரோல் வராததும் ஸ்பார்க் வராததும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டுமானால் வண்டி நின்ற அந்த நேரத்திலேயே, ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். அதற்காக ஒரு பழைய ஸ்பார்க் பிளக், அதை எர்த்தில் பிடிக்க ஒரு கிளிப் வயர், மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் இவ்வளவையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டேன்.

நின்றதும் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சாவி ஆஃபில் இருக்கும்போதே, ஆக்சிலரேட்டர் லிங்க்கைக் கையால் இழுத்துக் கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தேன். பம்ப் ஜெட்டிலிருந்து பெட்ரோல் நல்ல கோடாகப் பீய்ச்சியது. அப்படியானால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் அறை காலியாக இல்லை. மூடியைத் திரும்பப் போட்டு (பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் ஸ்பார்க் சோதனை கூடவே கூடாது), ஒரு பிளக் வயரைப் பிடுங்கி, சோதனை பிளக்கை எர்த் செய்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஸ்பார்க் வந்தது, ஆனால் மஞ்சளாக, மெலிந்து, இடையிடையே விட்டுவிட்டு. வண்டி ஆறிய பிறகு அதே பிளக் நீலமாகச் சடசடவென்று அடித்தது. கார்புரேட்டரில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அடுத்து பாயிண்ட்டும், அது திறக்கும்போது அதன் முகத்தில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரும். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், முகம் எரியாமல் சுத்தமாக இருந்தது. கண்டென்சர் மல்டிமீட்டரில் 0.22 மைக்ரோஃபாரட் காட்டியது. தலைமுடி உலர்த்தும் டிரையரால் அதைச் சூடுபடுத்திப் பார்த்தும் எண் மாறவில்லை. சூட்டில் மட்டும் கெட்டுப்போகும் பொருளைச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும்; ஆறிய நிலையில் "நல்லா இருக்கு" என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை.

மிச்சம் இருந்தது, பேட்டரி வோல்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றும் காயில். குளிர்ந்த நிலையில் அதன் பிரைமரி சுற்று (பேட்டரி கரண்ட் போகும் பக்கம்) 3.0 ஓம், எஞ்சின் சூட்டில் 3.7 ஓம். இதைப் பார்த்ததும் காயில் போய்விட்டது என்று தோன்றலாம், ஆனால் செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்கு ஏறும், 60 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட இவ்வளவு ஏறித்தான் ஆகும். அது பழுது அல்ல. பிறகு காயிலின் பிளஸ்ஸில் வோல்ட் அளந்தேன். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் எஞ்சினை நிறுத்தி, சாவி ஆனில், ஹெட்லைட்டும் ரேடியேட்டர் விசிறியும் ஓடும்போது பேட்டரியில் 12.2 வோல்ட், காயிலில் வெறும் 9.3. (இந்த நிலையில் சாவியை நீண்ட நேரம் விட்டுவிடாதீர்கள், காயில் வெந்துவிடும்.)

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். சில கார்களில் காயிலுக்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு பாலாஸ்ட் தடையோ தடை வயரோ வைத்திருப்பார்கள், அவற்றில் 6 முதல் 9 வோல்ட் வருவது சரியானதே. அப்படிப்பட்ட காயில் பெரும்பாலும் 1.5 ஓம் பக்கம் இருக்கும். என்னுடையது 3 ஓம் காயில், வெளித்தடை கிடையாது, எனவே பேட்டரியில் இருப்பதில் பெரும்பகுதி காயிலுக்கு வந்தாக வேண்டும். 12.2 வோல்ட்டும் 3 ஓமும் என்றால் 4 ஆம்பியர்; 9.3 வோல்ட்டும் 3.7 ஓமும் என்றால் 2.5 ஆம்பியர்தான். காயிலில் சேரும் ஆற்றல் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் சூடான நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சுகிறது. ஐடிலிங் தடுமாறாமல் என்ன செய்யும்!

தொலைந்த 2.9 வோல்ட் எங்கே போனது என்று தேடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் வைத்துவிட்டு, இன்னொரு முனையை வயர் போகும் வழியே ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். இணைப்பு நல்லதாக இருந்தால் எண் அசையாது. கெட்ட இணைப்பைத் தாண்டும் இடத்தில் சட்டென்று ஏறும். ஃபியூஸ் பெட்டியின் கிளிப்பில் 0.5, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கனெக்டரில் 0.3, இக்னிஷன் ஸ்விட்ச்சின் உள்ளே 2.1 வோல்ட். ஹெட்லைட், விசிறி, காயில் எல்லாம் அந்த ஒரே ஸ்விட்ச் வழியாக, 20 ஆம்பியருக்குப் பக்கத்தில் போகிறது. 2.1 வோல்ட்டை 20 ஆம்பியரால் பெருக்கினால் 40 வாட்டுக்கு மேல், ஒரு சால்டரிங் அயர்ன் அளவு சூடு அந்தச் சின்னத் தொடுமுனையில். ஸ்விட்ச்சைக் கழற்றிப் பார்த்தபோது பிளாஸ்டிக் பழுப்பேறி வளைந்திருந்தது. ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது தொல்லை அதிகம் என்று முன்பே குறித்து வைத்திருந்தேன், அதற்கும் காரணம் இதுதான்.

எர்த் பக்கத்தையும் இதே முறையில் பார்த்துவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, பெயிண்ட்டும் துருவும் போகத் தேய்த்து மாட்ட வேண்டும். என்னுடையதில் 0.1, சரியாக இருந்தது.

சரி, பழுது தெரிந்துவிட்டது, பார்ட் வேண்டுமே. "இந்த மாடலுக்கு இக்னிஷன் ஸ்விட்ச்" என்று கேட்டால் எங்கேயும் இல்லை. பழைய காருக்குப் பார்ட்ஸ் தேடும்போது கார் பெயரைச் சொல்லிக் கேட்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கார் கம்பெனிகள் பல பொருள்களை வெளியிலிருந்துதான் வாங்கின, அதே பொருள் அதே காலத்து வேனிலும் சின்ன லாரியிலும் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். ஸ்விட்ச்சின் பின்பக்கத் தொடுமுனைப் பகுதியைப் பெட்ரோல் தொட்டு லேசாகத் துடைத்ததும் அதில் வார்த்திருந்த எண் தெரிந்தது. அது கார் கம்பெனியின் எண் இல்லை, ஸ்விட்ச் செய்தவரின் எண். அந்த எண்ணை வைத்துத் தேடியதில் ஒரு வேனின் பார்ட்ஸ் பட்டியலில் அது வந்தது, பூட்டுப் பகுதி இல்லாமல் பின்பகுதி மட்டும் தனியாகவே கிடைத்தது.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி. சுசுகியில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பொருள் என்று சொல்லும்: 16510 என்றால் ஆயில் ஃபில்டர், 13780 என்றால் ஏர் ஃபில்டர், மாடல் எதுவானாலும் அந்தத் தொடக்கம் மாறாது. டொயோட்டாவில் பல ஆயில் ஃபில்டர்கள் 90915 என்றும் பிளக்குகள் 90919 என்றும் தொடங்கும். ஃபோக்ஸ்வேகனில் நடுவில் இருக்கும் மூன்று இலக்கத்தின் முதல் இலக்கம் பகுதியைக் குறிக்கும்: 1 எஞ்சின், 6 சக்கரமும் பிரேக்கும், 9 மின்சாரம். பழைய எண் நின்றுபோய் அதற்குப் பதில் புது எண் வந்திருக்கும், அந்த மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "இந்த எண் இப்போது இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிட்டால், வேறு எண்ணில் அலமாரியிலேயே இருக்கும் பொருளைத் தவறவிடுவோம்.

பேரிங், ஆயில் சீல், பெல்ட் இவற்றுக்குக் கார் பெயரே தேவையில்லை. ஆல்டர்னேட்டரைப் பிரித்தபோது பின்பக்க பேரிங்கில் 6203 என்று இருந்தது. உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், உலகம் முழுக்க ஒரே அளவு. கூடவே 2ஆர்எஸ் என்று இருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி உண்டு. ஆயில் சீலுக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் போதும், ரப்பர் வகையை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டில் 6பிகே1070 என்றால் ஆறு வரி, 1070 மில்லிமீட்டர் நீளம்.

புது ஸ்விட்ச்சுக்கும் அதே கதி வரக்கூடாது என்று ஹெட்லைட்டுக்கும் விசிறிக்கும் ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் ஸ்விட்ச்) போட்டேன். ரிலேயில் முனைகளுக்கு எண் இருக்கும்: 30-இல் பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு வரும் கனமான வயர், 87-இல் விளக்கு, 86-இல் பழைய ஸ்விட்ச் வயர், 85-இல் எர்த். ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். இப்போது ஸ்விட்ச் வழியே காயிலும் ரிலேக்களின் சிறு கரண்ட்டும் தவிரப் பெரிதாக எதுவும் போவதில்லை. ஃபியூஸ் கிளிப்பையும் கனெக்டரையும் சுத்தம் செய்த பிறகு மொத்த இழப்பு 0.2 வோல்ட். எவ்வளவு சூடானாலும் வண்டி நிற்பதில்லை. ஹெட்லைட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிரகாசமாகிவிட்டது.

இதற்கு நடுவே டெம்பரேச்சர் முள்ளும் மேலே போய்க்கொண்டிருந்தது. தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) தண்ணீரில் போட்டு வெப்பமானியோடு காய்ச்சினால் அதில் அடித்திருக்கும் 82 டிகிரிக்குப் பக்கத்தில் ஒழுங்காகத் திறந்தது. விசிறி ஸ்விட்ச்சில் 92-87 என்று இருக்கிறது, 92-இல் ஓடத் தொடங்கி 87-இல் நின்றது, அதுவும் சரி. (அந்த ஸ்விட்ச் கெட்டால் மரை அளவும் இந்த இரண்டு எண்ணும் பொருந்தும் எதையும் போடலாம்.) துப்புக் கொடுத்தது பெட்ரோல் முள். டேங்க்கில் பாதி இருக்கும்போது முக்கால் காட்டியது. இரண்டு முள்ளும் சேர்ந்து கூடுதலாகக் காட்டினால் எஞ்சினைச் சந்தேகிப்பதற்கு முன் டேஷ்போர்டுக்குப் பின்னால் போங்கள். பல பழைய கார்களில் இந்த முட்களுக்குச் சராசரி 10 வோல்ட் கொடுக்க ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும், அதன் எர்த் விட்டுப்போனால் முழு வோல்ட்டும் அப்படியே போய்விடும். அதன் உடலைப் பிடித்திருந்த ஒற்றை ஸ்க்ரூவின் அடியில் துரு இருந்தது. தேய்த்து முடுக்கியதும் இரண்டு முள்ளும் இறங்கிவிட்டன.

பிரேக் விஷயம் இதைவிட முக்கியம். இடது முன் சக்கரம் ஓட்டி முடித்ததும் கை வைக்க முடியாத அளவு சூடாக இருந்தது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பிரேக்கை மிதித்து விட்டுவிட்டு, முதலில் இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் இடத்தைத் தளர்த்தினேன். சக்கரம் இன்னும் பிடித்தே இருந்தது, எனவே மிதியின் அழுத்தத்தைப் பிரேக் எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் குற்றவாளி இல்லை. பிறகு சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கும் கேலிப்பரின் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுச் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. கேலிப்பர் பிஸ்டனும் இறுகவில்லை, ஹோஸ்தான் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டு, போன அழுத்தத்தைத் திரும்ப விடாமல் வைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒரு விரிசல்கூடக் கிடையாது.

ஹோஸ் வாங்கும்போது மரையைக் கட்டாயம் அளக்க வேண்டும். எம்10×1 என்ற மெட்ரிக் மரையும், 3/8 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 சுற்று உள்ள மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிப் போட்டால் சில சுற்று ஏறியும் விடும், பலமாக மிதிக்கும் நாளில் பிடுங்கிக்கொண்டு வரும். இன்னொன்று, விற்காமல் கிடந்த பழைய ஒரிஜினல் பெட்டிச் சரக்கு என்றால் பலருக்கும் ஆசை வரும். ஸ்விட்ச், கண்ணாடி, கைப்பிடி மாதிரிப் பொருள்களுக்கு எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ரப்பர் அலமாரியில் இருந்தாலும் வயதாகும், அதனால் பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், பெட்ரோல் டியூப் எல்லாம் புதிதாகச் செய்தவை மட்டுமே. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பிரேக் பொருள் வேண்டவே வேண்டாம். இரண்டு முன் ஹோஸையும் சேர்த்து மாற்றி, புது டாட் 4 பிரேக் எண்ணெய் ஊற்றிக் காற்றெடுத்தாயிற்று.

திருப்பத்தில் கடகடவென்று சத்தம் போட்ட ஆக்ஸில் ஜாயிண்ட், கார்புரேட்டர் அடியில் காற்று இழுத்த கேஸ்கெட், இரண்டும் சாதாரண வேலைகள், முடிந்துவிட்டன.

இப்போது கையில் இருப்பது, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் அட்வான்ஸ், அதாவது எஞ்சினின் உறிஞ்சலை வைத்து ஸ்பார்க்கை முன்கூட்டியே வரவைக்கும் அமைப்பு. டியூபில் வாயால் உறிஞ்சிப் பிடித்தால் நிற்கவில்லை, டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது. ஓடுகிறது, ஆனால் சீரான வேகத்தில் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். லூகாஸ் வகையில் 5-13-10 மாதிரி மூன்று எண் அடித்திருப்பார்கள்: எத்தனை அங்குல (பாதரச அளவு) வாக்குவத்தில் நகரத் தொடங்கும், எத்தனையில் முடியும், மொத்தம் எத்தனை டிகிரி. அதே குடும்பத்து வேறு காரிலிருந்து ஒன்று கிடைத்தது, திருகுத் துளைகள் அச்சாகப் பொருந்துகின்றன, ஆனால் கடைசி எண் என்னுடையதைவிட 4 கூடுதல். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுற்றும், அதனால் அதில் 4 டிகிரி என்றால் எஞ்சினில் 8 டிகிரி, பாதி ஆக்சிலரேட்டரில் நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து எஞ்சினில் எழும் தட்டல்) வரலாம். அதனால் அதை மாட்டாமல் வைத்துவிட்டு, மூன்று எண்ணும் ஒத்துப்போகும் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை டியூபை மூடி அடைத்து ஓட்டுகிறேன்.