பதக்கத்தில் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான்

குளச்சலில் 1741-ல் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா தோற்கடித்ததற்கு வெற்றித்தூண் நிற்கிறது. சரணடைந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது. போர்களைக் கல்லில் நினைவு வைத்திருக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் தேடுவதோ உலோகத்தை: காலனியப் போர்களுக்காக வெள்ளைக்காரன் அடித்துக் கொடுத்த பதக்கங்களை.

ரொம்ப நாள் ஆசை ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கம். 1799 மே 4-ல் திப்பு விழுந்த முற்றுகைக்காக பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலையில் அடித்தது. ஒரு பக்கம் புலியை அமுக்கும் சிங்கம், மறுபக்கம் கோட்டை உடைப்பில் ஏறும் படை. தளபதிகளுக்குத் தங்கம், சிப்பாய்க்கு வெள்ளீயம்! சோஹோவில் அடித்தது 48 மி.மீ., கல்கத்தாவில் அடித்தது 45. அதனால் வெர்னியர் காலிப்பர் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. கடைசியாகப் பார்த்ததில் புலியின் உடம்பில் ஊசிமுனைக் குழிகள். அச்சில் அடித்தால் இப்படி வராது, வார்த்தெடுத்த போலியில்தான் வரும். வேண்டாமென்று விட்டேன்.

கைக்கு வந்தது வேறொன்று. வடசேரியில் பழைய வெள்ளி எடுக்கும் ஆசாரி ஒருவர் தட்டில் 1914–18 பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் கிடந்தது. "உருக்கத்தான் வச்சிருந்தேன் சாரே" என்றார். எடைக்கு மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்து வாங்கினேன். 36 மி.மீ. வெள்ளி, ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைமேல் ஒருவன். வீட்டுக்காரர்கள் திருநீறு போட்டுத் தேய்த்துத் தேய்த்து ராஜாவின் மூக்கு போய்விட்டது.

ஆனால் விளிம்பு பிழைத்திருக்கிறது. லென்ஸ் வைத்துச் சாய்வெளிச்சத்தில் திருப்பினால் எண், 'சிப்பாய்', பாதி தேய்ந்த ஒரு பெயர், பிறகு 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய தான்சானியா) டாங்காவில் இறங்கி அடிவாங்கிய படைகளில் அதுவும் ஒன்று. அங்கே ஜெயித்த ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கை ஜெர்மனி வீரனாகக் கொண்டாடியது. இந்தப் பெயர்க்காரர் டாங்காவுக்குப் போனாரா என்பதைப் பதக்கம் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு இப்போது சிங்கம்-புலி மோகம் குறைந்துவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கத்தைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். வெறும் விளிம்பில் யாரைத் தேடுவது?

நம்மூர் உப்புக்காற்றுக்கு பிவிசி உறை ஆகாது, பச்சைப் பிசுக்கு பிடிக்கும். மைலார் (பாலியெஸ்டர்) உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்திருக்கிறேன். பாலிஷ் கிடையாது, கறுப்பு அப்படியே இருக்கட்டும். ரிப்பன் புதிது வாங்கலாம். நடுவில் ஆரஞ்சு, அதன் இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். ஆனால் எந்தக் காலத்திலோ யாரோ கழுத்தில் போட வளையம் பற்றவைத்திருக்கிறார்கள், அதில் ரிப்பன் நுழையாது. வளையத்தை வெட்ட எனக்கு மனசில்லை.