ரெவிட்டில் சரிவு ஃபூட்டிங் ஃபேமிலி: செய்து பார்த்தது

கட்டட மாடல் வரையும் மென்பொருளான ரெவிட்டோடு வரும் செவ்வக ஃபூட்டிங் (தூணின் அடியில் வரும் அஸ்திவாரக் காங்கிரீட்) வெறும் பெட்டி. நம் ஊர் சைட்டில் போடும், மேல்பக்கம் சரிந்த ஃபூட்டிங்கை அதை வைத்தே வரைந்தால் காங்கிரீட் கணக்கு எகிறிவிடும். அதற்காகத் தனி ஃபேமிலி (அளவை மாற்றிப் பயன்படுத்தும் மாதிரி உருவம்) செய்து பார்த்ததன் குறிப்பு இது.

எடுத்த அளவு: அடி 1500 × 1500, விளிம்புக் கனம் 200 (காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கேட்பது குறைந்தது 150), அதன் மேல் சரிவு உயரம் 300. தூண் 300 × 300. சட்டர் (காங்கிரீட் ஊற்றும் அச்சுப்பலகை) உட்கார நாலு பக்கமும் 75 ஓரம் விட்டதால் மேல்தளம் 450 × 450. எல்லாம் மில்லிமீட்டர்.

மெட்ரிக் ஸ்ட்ரக்சுரல் ஃபவுண்டேஷன் டெம்ப்ளேட்டில் ரெஃபரன்ஸ் லெவல்தான் ஃபூட்டிங்கின் மேல்தளம். உருவம் அதற்குக் கீழே இறங்க வேண்டும். மேலே ஏற்றி வரைந்தால் தூணுக்குள் புகுந்து நிற்கும். பிளானில் அடிக்கு நான்கு, மேல்தளத்துக்கு நான்கு என ரெஃபரன்ஸ் பிளேன் (உருவத்தைப் பூட்டும் வழிகாட்டித் தளம்) போட்டு, இரண்டுக்கும் மையத்திலிருந்து ஈக்யூ (இருபுறமும் சம தூரம்) கொடுக்கவும். ஈக்யூ விட்டுப்போனால், அளவை மாற்றும்போது ஃபூட்டிங் ஒரு பக்கமாக மட்டும் வளர்ந்து தூண் மையம் விலகும்.

பிறகு விளிம்புக்கு எக்ஸ்ட்ரூஷன் (ஒரே வடிவத்தை நேராக நீட்டுவது), −500 முதல் −300 வரை. சரிவுக்கு பிளெண்ட் (அடி வடிவத்தையும் மேல் வடிவத்தையும் இணைப்பது), −300 முதல் 0 வரை. இந்த எண்களை அப்படியே தட்டாமல் பாராமீட்டரில் (பெயரிட்ட, மாற்றக்கூடிய அளவில்) கட்ட வேண்டும்:

மேல்நீளம் = தூண்நீளம் + 2 * ஓரம்
சரிவடி = -1 * சரிவுயரம்
மொத்தஅடி = -1 * (சரிவுயரம் + விளிம்பு)

அகலத்துக்கும் இதேபோல் ஒன்று. பெயருக்குள் கழித்தல் குறி வேண்டாம். ஃபார்முலா அதைக் கழித்தலாகவே எடுத்துக்கொள்ளும். தூணின் அளவை ஃபூட்டிங் தானாக வாசிக்காது. எஃப்1, எஃப்2 என ஒவ்வொரு டைப்பிலும் (அளவு வகையிலும்) நாம்தான் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது பிளெண்டில்தான். அடி ஸ்கெட்சை அலைன் செய்து பூட்டிவிட்டு, மேல் ஸ்கெட்சைப் பூட்ட மறந்துவிடுவோம். 1500-இல் எல்லாம் சரியாகவே தெரியும். தூணை 450 ஆக்கினால் மேல்தளம் மட்டும் அசையாமல் நிற்கும். ஆகவே ப்ராஜெக்டில் ஏற்றுமுன் அடியை 1200, 2400 என்றும், தூண் அளவையும் மாற்றிப் பார்த்தே ஆக வேண்டும். சரிவுயரத்துக்கு 0 கொடுத்தால் பிளெண்ட் உடையும்; தட்டை ஃபூட்டிங்குக்குப் பழைய பெட்டியே போதும்.

இரண்டு உருவத்தையும் ஜாயின் செய்ததும் நடுக்கோடு மறையும். கம்பி கட்ட, மாடல் பிஹேவியர் மெட்டீரியல் காங்கிரீட் என்றிருக்கிறதா என்று பார்க்கவும். பிசிசியை (ஃபூட்டிங்குக்கு அடியில் போடும் கம்பியில்லாக் காங்கிரீட்டை) இந்த ஃபேமிலிக்குள் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கம்பியை மூடும் காங்கிரீட் கனமான 50 கவர் பிசிசியின் அடியிலிருந்து அளக்கப்பட்டு, கம்பி அதற்குள்ளேயே போய்விடும்.

கடைசியாகக் கொள்ளளவைக் கையால் சரிபார்த்தது. விளிம்பு 0.45 கன மீட்டர். சரிவு, கீழ், மேல், நடுப் பரப்புகளை வைத்து, 0.3 ÷ 6 × (2.25 + 0.2025 + 4 × 0.9506) = 0.313. மொத்தம் 0.763. ரெவிட்டின் ஷெட்யூலில் (அளவுப் பட்டியலில்) இதே எண் வர வேண்டும். பெட்டியாக வரைந்திருந்தால் 1.125.