மேசை ஸ்பீக்கருக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் மல்டிமீட்டரை எடுத்து ஸ்பீக்கர் ஒயரின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன். கணினியில் 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை முழு அளவில் ஓடவிட்டு, ஆம்பின் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் ஆம்ப்ளிஃபையர்) குமிழை நான் எப்போதும் பாட்டு கேட்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தால் 2.2 என்று காட்டியது. 2.2-ஐ 2.2-ஆல் பெருக்கி, என் ஸ்பீக்கரின் 8 ஓமால் வகுத்தால் 0.6 வாட். ஒரு வாட் கூட இல்லை! அதுவும் ஒரு பதிவில் இருக்கக்கூடிய உச்ச சத்தத்துக்கு. சாதாரணப் பாட்டின் சராசரி இதைவிட 10, 15 டெசிபல் கீழேதான் ஓடும், அதாவது பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ. ஆம்பின் நெற்றியிலோ 50 + 50 என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கணினிக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது எத்தனை வாட்ஸ் என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் ஏமாந்தேன். பல வருடங்களுக்கு முன்னால் வாங்கிய என் முதல் 2.1 செட்டின் (இரண்டு ஸ்பீக்கர், அடி பேஸுக்கு ஒரு சப்ஊஃபர்) அட்டைப்பெட்டியில் நான்கு இலக்கத்தில் ஒரு எண் இருந்தது, பக்கத்தில் பிஎம்பிஓ என்று நான்கு எழுத்து. வீட்டில் கொண்டுவந்து பின்பக்கம் திருப்பினால் மின்சாரத்திலிருந்து அது இழுப்பதே மொத்தம் 40 வாட் என்று ஒட்டியிருந்தது. உள்ளே போகிறது 40, வெளியே வருகிறது ஆயிரத்துச் சொச்சமாம். பிஎம்பிஓ என்பது எதையும் அளக்காத விளம்பர எண், அதைப் பார்த்ததும் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட், என்று போட்டிருந்தால் கொஞ்சம் நம்பலாம், அதையும் எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளந்தார்கள் என்று பார்த்துவிட்டு. 10 சதவீதம் என்றால் பாட்டு கிழிந்து தொங்கும் நிலையில் எடுத்த கணக்கு அது. யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு இன்னும் சுலபமான சோதனை உண்டு. சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக இரண்டரை வாட். அதற்கு மேல் எதைச் சொன்னாலும் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

சரி, வாட் முக்கியமில்லை என்றால் எது? தூரம். மேசையில் உட்காரும்போது ஸ்பீக்கர் உங்கள் காதிலிருந்து 60, 70 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு வரி இருக்கும், 86 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். 70 சென்டிமீட்டருக்கு வந்தால் இன்னும் 3 டெசிபல் இலவசமாகக் கூடும், இரண்டு ஸ்பீக்கர்கள் என்பதால் அதற்கு மேலும் கொஞ்சம். ஒரு வாட்டிலேயே 90-ஐத் தாண்டியாயிற்று, அந்த அளவில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். இன்னொன்று, 25 வாட் ஆம்புக்குப் பதில் 50 வாட் வாங்கினால் கிடைக்கும் கூடுதல் வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் போட வேண்டும். இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் என் காசு நிறைய மிஞ்சியிருக்கும்.

அதனால் கையில் இருப்பதைப் பத்து பங்காகப் பிரித்தால் ஏழு பங்கு ஸ்பீக்கருக்குப் போகட்டும். பேஸுக்கும் குரலுக்கும் நான்கு அங்குல ஊஃபர், கீச்சு ஒலிகளுக்குத் தனியாக ஒரு ட்வீட்டர், கையில் தூக்கினால் கனமாக இருக்கிற மரப்பெட்டி (மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைதான், நாம் மரம் என்று சொல்லிக்கொள்வோம்), இது மேசைக்கு நல்ல அளவு. மூன்று அங்குலத்தில் பேச்சும் பாட்டுக் குரலும் நன்றாக வரும், ஆனால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது அடி பேஸில், அது பரிதாபமாகக் கையை விரித்துவிடும். ஐந்து அங்குலத்துக்கு மேல் போனால் மேசையில் இடமும் இல்லை, இவ்வளவு பக்கத்தில் உட்காரும்போது ஊஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பிக்கும்.

அப்புறம் ஆம்ப் உள்ளேயே இருக்கும் வகையா, தனி ஆம்ப் வகையா என்ற கேள்வி. எடிஃபயர் ஆர்1280டி போன்றவற்றில் வலது பெட்டிக்குள்ளேயே இரண்டு பக்கத்துக்குமான ஆம்ப் இருக்கிறது, இடது பெட்டிக்கு ஒரு ஒயர் போகிறது, அவ்வளவுதான். நான்கு அங்குல ஊஃபர், பக்கத்துக்கு 21 வாட் ஆர்எம்எஸ். மேலே போட்ட கணக்குப்படி அதுவே தாராளம். மேசையில் ஒரு ஒயர் கூடினாலும் எரிச்சல் வருகிற ஆள் நீங்கள் என்றால் இந்த வகையை வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, சில மாடல்களில் கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் தானாகவே தூங்கிப் போகும் வசதி இருக்கும். ராத்திரி மெதுவாக ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கும்போது அது பாட்டையே மௌனம் என்று நினைத்து அணைந்துவிடும். அதை நிறுத்த வழி இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தனி ஆம்ப் பக்கம் போனதற்குக் காரணம், பழைய புத்தக அலமாரி ஸ்பீக்கர்கள் ஒரு ஜோடி சல்லிசாகக் கிடைத்தது. பழையது வாங்கப் போனால் பையில் ஒரு மல்டிமீட்டரும் ஒன்றரை வோல்ட் பேட்டரியும் இருக்கட்டும். 8 ஓம் ஸ்பீக்கரின் முனைகளில் மீட்டரை வைத்தால் 6 ஓம் சுமாருக்குக் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே ஏதோ அறுந்திருக்கிறது. பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுத்தால் கூம்பு டப்பென்று அசையும், பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் பொதுவாக வெளிப்பக்கம் வரும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைகின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் யாரோ உள்ளே ஒயரை மாற்றிக் கோத்திருக்கிறார்கள், அதோடு பாட்டு கேட்டால் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும், பேஸ் காணாமல் போகும். கடைசியாக ஊஃபரின் விளிம்பு. ரப்பர் என்றால் கவலை இல்லை. ஃபோம் என்றால் விரலால் லேசாகத் தொடுங்கள், பத்து இருபது வருடத்தில் அது நமுத்துப்போன அப்பளம் மாதிரி உதிர ஆரம்பித்துவிடும். மாற்ற முடியும், ஆனால் அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருக்காது.

ஆம்ப் விஷயத்தில் இது நல்ல காலம். உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 போன்ற மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகைச் சில்லு ஒன்று உட்கார்ந்திருக்கும், சூடாவது கூடத் தெரியாது. ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்டில் நிஜமாக எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்வது கூடவே வரும் அடாப்டர்தான். 12 வோல்ட் அடாப்டரோடு 8 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் கணக்குப்படியே 9 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. அதையே 24 வோல்ட் ஆக்கினால் நான்கு மடங்கு, 36. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் பரணில் கிடந்தால் அது நடுவில் நன்றாகப் பொருந்தும். ஆம்ப் தாங்கும் உச்ச வோல்ட் எவ்வளவு, பின்னின் அளவும் பிளஸ் மைனஸும் சரியா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். இந்த வகை ஆம்புகளில் இரண்டு பக்கத்து மைனஸ் ஒயர்களையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம், சேர்த்தால் ஆம்ப் போய்விடலாம்.

வாட்டைவிட நீங்கள் ஆம்பில் தேட வேண்டியது அமைதி. ஒன்றும் ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து வரும் ஸ்ஸ்ஸ் சத்தம் கூடத்தில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கேட்காது. மேசையில், ராத்திரியில், அரை மீட்டரில் கேட்கும், ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு காது அதையே தேடும். கெயின் (உள்ளே வருவதை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அளவு) அதிகமாக வைத்த ஆம்புகளில் இது தூக்கலாக இருக்கும். டிபிஏ3116-இல் 20, 26, 32, 36 டெசிபல் என்று நான்கு கெயின் நிலைகள் உண்டு, விவரத்தில் போட்டிருந்தால் கீழ் எண்ணையே தேர்ந்தெடுங்கள். இதில் இன்னொரு ரகசியமும் இருக்கிறது: மலிவான வால்யூம் குமிழ்கள் ஆரம்பத்தில் ஒழுங்காக இருக்காது, முதல் கொஞ்ச தூரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் சத்தமாக வரும். கெயின் குறைவாக இருந்தால் குமிழை நடுப்பக்கம் வரை திருப்ப வேண்டியிருக்கும், அங்கே இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

என்னை நிஜமாகவே படுத்தியது ஸ்ஸ்ஸ் இல்லை, உர்ர்ர். புது ஆம்பை மாட்டிய அன்றே தம்பூரா வைத்தது போல ஒரு சுருதி விடாமல் ஓடியது, அதற்கு மேல் மவுஸை நகர்த்தினால் கீச்சுக்கீச்சென்று பின்பாட்டு. ஆம்பைத் திட்டினேன், ஒயரை மாற்றினேன், திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியைக் கூட எடுத்து வைத்துவிட்டேன். தற்செயலாக லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் கப்சிப். சார்ஜருக்கும் எர்த் பின், ஆம்பின் அடாப்டருக்கும் எர்த் பின், நடுவில் ஆடியோ ஒயரின் தரை இணைப்பு. மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் ஓடும் துளி மின்சாரம் ஆம்பில் பெரிதாகி வருகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகியதும் பாதி போயிற்று. மீதிக்கு ஆடியோ ஒயரின் நடுவே ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டேன், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான், அடி பேஸ் கொஞ்சம் மங்கும், எனக்குப் பரவாயில்லை. கணினியிலும் ஆம்பிலும் ஆப்டிகல், அதாவது ஒலியை ஒளியாக அனுப்பும் இணைப்பு, இருந்தால் அதுதான் சுத்தமான வழி, ஒளிக்கு எர்த் கிடையாது. எர்த் பின்னை வெட்டிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், அது உயிர் விஷயம்.

தனி டிஏசி (கணினியின் டிஜிட்டல் ஒலியை ஆம்புக்கான மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) வேண்டுமா? கணினியின் ஜாக்கிலிருந்து இரைச்சல் இல்லாமல் வந்தால் வேண்டாம். ஸ்பீக்கர் ஒயர்? இரண்டு மீட்டருக்குள் எந்தச் செம்பு ஒயரும் போதும், செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்கிறார்களா என்று முனையைச் சுரண்டிப் பாருங்கள், அவ்வளவே.

வைக்கும் இடத்துக்குக் காசு கிடையாது, ஆனால் நான் செய்ததிலேயே பெரிய மாற்றம் கொடுத்தது அதுதான். மேசைப் பலகையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணாடியில் ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அங்கே பட்டு எதிரொலித்த ஒலியும் நேராக வரும் ஒலியும் சற்று முன்பின்னாகக் காதுக்கு வருகின்றன, குரல் ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஆகிறது. ஸ்பீக்கருக்கு அடியில் நாலு தடிப் புத்தகங்களை வைத்து, ட்வீட்டர் காது உயரத்துக்கு வருகிற மாதிரி உயர்த்தினேன், அடுத்த பாட்டிலேயே பாடுகிறவர் மானிட்டருக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றார். மேசை 160 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியை வீங்க வைத்து ஒரு தொப்பையும் போடும். ஜெனலெக் நிறுவனம் தன் ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர்களின் முதுகில் இதற்கென்றே 4 டெசிபல் குறைக்கும் சுவிட்ச் வைக்கிறது. நம்மிடம் அந்தச் சுவிட்ச் இல்லை, ஆனால் விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம், அதில் அதே இடத்தில் அதே 4 டெசிபலைக் குறைத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டி வைத்திருந்தால் கூடுதலாகக் குறைக்க வேண்டியிருக்கும், பின்பக்கம் துளை உள்ள பெட்டி என்றால் ஒரு சாணாவது தள்ளி வையுங்கள்.

சப்ஊஃபர் பற்றிக் கேட்பீர்கள். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், நான்கு அங்குல ஊஃபர் அங்கே போகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் நாளே வாங்காதீர்கள், இதே அளவு காசுக்குள் அதையும் திணித்தால் ஸ்பீக்கர், ஆம்ப், சப் மூன்றும் மட்டமாக வரும். என் பழைய 2.1-இன் சப் இன்னும் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது, ஒயர் எதுவும் இல்லாமல். உயரம் சரியாக இருப்பதால் கால் நீட்டி வைத்துக்கொள்கிறேன்.